வெளிவாசலில் யாரும் எண்ணுவதில்லை

இந்திய உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசைப் பட்டியல் 2016 முதல் ஆண்டுதோறும் வெளிவருகிறது. என்.ஐ.ஆர்.எஃப் என்ற நான்கெழுத்து இன்று கல்லூரி வாசல் பதாகையிலிருந்து பேருந்தின் பின்பக்கம் வரை ஒட்டப்பட்டிருக்கிறது. மகளை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் குடும்பம் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அது எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் குறைவு. நான் தமிழ் படித்தவள், கவிதை எழுதுகிறவள். பிரதியை வாசிப்பதுதான் என் தொழில். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் படிவமும் ஒரு பிரதிதான். அது எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் கடந்து போகிறது என்று பார்ப்பதற்குப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை. கொஞ்சம் கணக்கும், நிறையப் பொறுமையும் போதும்.

கற்பிப்பவரையும் கற்பவரையும் தரம் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல், பொதுப்பாயிரத்திலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுகிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமைகள். மாணாக்கரில் அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை. நூலை யாருக்குக் கற்பிக்கலாம் என்ற பட்டியலில் தன் மகன் வருகிறான், ஆசிரியரின் மகன் வருகிறான், மன்னனின் மகன் வருகிறான், பொருள் மிகக் கொடுப்பவன் வருகிறான். மகள் வரவில்லை. தரத்தை அளக்கத் தொடங்கும் முன்பே யாரை அளப்பது என்பது முடிவாகிவிட்டது. இன்றைய படிவத்தில் மகள் இருக்கிறாள். எந்த நிரலில் இருக்கிறாள், எந்த நிரலில் காணாமல் போகிறாள் என்பதுதான் என் கேள்வி.

இரண்டு அட்டவணைகள்

தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த தரவுகளைத் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். மாணவியர் யாரும் தங்கள் கல்லூரியின் கோப்பைத் திறந்து பார்க்கலாம். தொடக்கத்தில் மாணவர் எண்ணிக்கை பற்றிய அட்டவணை இருக்கும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, இந்த மாநிலத்தவர் எத்தனை, வெளிமாநிலத்தவர் எத்தனை, பொருளாதாரத்தில் பின்தங்கியவர் எத்தனை, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் எத்தனை என்று நிரல்கள் நீளும்.

இன்னும் கீழே போனால் வேலைவாய்ப்பும் மேற்படிப்பும் பற்றிய அட்டவணை. சேர்ந்தவர் எத்தனை, குறித்த காலத்தில் பட்டம் முடித்தவர் எத்தனை, வேலை கிடைத்தவர் எத்தனை, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை. இந்த அட்டவணையில் ஆண், பெண் என்ற நிரல் இல்லை. சாதியும் இல்லை. உள்ளே வரும்போது கவனமாக எண்ணப்பட்ட பெண், வெளியே போகும்போது மொத்தத்தில் கரைந்துவிடுகிறாள்.

இந்த விடுபடலின் விளைவு சிறியதல்ல. இருபாலர் கல்லூரி ஒன்றில் முடித்தவர்களில் பாதிப்பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாதியில் பெண்கள் எத்தனை? ஆண்களில் பத்துக்கு எட்டும், பெண்களில் பத்துக்கு இரண்டும் இருக்கலாம். இரண்டிலும் சரிசமமாக ஐந்தும் இருக்கலாம். முதல் கல்லூரியும் இரண்டாவது கல்லூரியும் இந்த அட்டவணையில் ஒரே மதிப்பெண் பெறும். எந்தக் கல்லூரியில் மகளைச் சேர்ப்பது என்று தேடும் தாய்க்கு வேண்டியிருந்தது அந்த வேறுபாடுதான்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள் அனைத்தும் இந்த அட்டவணையில் ஒன்றாகவே சேர்க்கப்படுகின்றன. பி.ஏ. தமிழும் பி.காமும் பி.எஸ்சி. கணிதமும் ஒரே கூட்டல். பட்டப்படிப்பின் தரத்தைக் காட்டுவதாகச் சொல்லும் பட்டியலில் பட்டப்படிப்பே தெரிவதில்லை. நிறுவனம் மட்டுமே தெரிகிறது.

20 போதும் என்கிற கணக்கு

பல்கலைக்கழகங்களுக்கான மொத்த மதிப்பீடு 100 என்றால், கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெற்றவர்களின் நிலைக்கு 20, பரவலுக்கும் உள்ளடக்கலுக்கும் 10, நிறுவனத்தைப் பற்றிப் பிறர் கொண்டிருக்கும் எண்ணத்திற்கு 10. பெண்களின் பங்கு என்ற தலைப்பு அந்த உள்ளடக்கல் பகுதிக்குள் வருகிறது. அந்தப் பகுதியில் 30 சதவீதம் அதற்கு. அதாவது மொத்தம் 100க்கு 3. ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி வெளியில் உள்ளவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு 10; அதன் வகுப்பறையிலும் ஆசிரியர் அறையிலும் பெண்கள் இருக்கிறார்களா என்பதற்கு 3.

அந்த 3க்குள்ளும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மாணவர்களில் 50 சதவீதம் பெண்கள், ஆசிரியர்களில் 20 சதவீதம் பெண்கள் இருந்தால் முழு மதிப்பெண். மாணவிக்கு 50 என்பது பாதி என்ற நியாயமான எண்ணம். ஆசிரியைக்கு மட்டும் 20 என்பது எந்த நியாயம்? படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள், கற்பிக்கிறவர்களில் ஐவரில் ஒருத்தி இருந்தால் போதும் என்று ஓர் அரசு ஆவணம் இலக்கு வைக்கும்போது, அந்த இடைவெளியை அது பதிவு செய்வதோடு நிற்கவில்லை; அதற்கு முழு மதிப்பெண்ணும் வழங்குகிறது. அந்த 20ஐத் தாண்டி இன்னொரு பெண்ணைத் தேட எந்த நிர்வாகத்துக்கும் கணக்குரீதியான காரணம் இல்லை. தொழில்நுட்பக் கல்வியில் பெண் ஆசிரியர்கள் குறைவு, அதனால் எட்டக்கூடிய இலக்கு வைத்தோம் என்று பதில் வரலாம். அப்படியென்றால் துறைக்கு ஏற்றபடி இலக்கு மாறலாமே. கலைத் துறைகளுக்கும் அதே 20 எதற்கு?

நிறுவனம் தரும் பரவலுக்கு மதிப்பெண் எப்படி என்பதையும் பாருங்கள். பிற மாநிலங்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மாணவர் வந்தால் மதிப்பெண் கூடும். சுற்றியுள்ள நாற்பது ஊர்களிலிருந்து, இரண்டு பேருந்து மாறி, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பெண்களால் நிரம்பிய அரசுக் கலைக் கல்லூரிக்கு இந்த நிரலில் ஏறக்குறைய பூஜ்யம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. அந்த 47ஐ எட்டச் செய்ததில் உள்ளூர் அரசுக் கல்லூரிகளுக்கு இருக்கும் பங்கை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் உள்ளூர்த்தன்மை என்பதே இந்தச் சூத்திரத்தில் குறை.

குறித்த காலத்தில் முடிப்பது

பட்டம் பெற்றவர் நிலை என்ற பகுதியில் முக்கியமான அளவு, குறைந்தபட்சக் காலத்திற்குள் முடித்தவர்களின் விகிதம். 80 சதவீதம் பேர் அப்படி முடித்தால் முழு மதிப்பெண். கேட்பதற்கு நியாயமான அளவுதான். இழுத்தடிக்கும் நிர்வாகங்கள், தள்ளிப்போகும் தேர்வுகள், வெளிவராத முடிவுகள் எல்லாவற்றுக்கும் இது ஒரு கடிவாளம்.

ஆனால் குறித்த காலம் யாருடைய காலம்? ஐந்தாவது செமஸ்டரில் திருமணம் செய்துவைக்கப்படுகிற பெண், அடுத்த ஆண்டு குழந்தையோடு இருப்பாள். மாமியாரைச் சம்மதிக்க வைத்து, குழந்தையைத் தாய்வீட்டில் விட்டு, மிச்சமிருந்த தாள்களை அரியராக எழுதி முடிப்பாள். என் வகுப்பறைகளில் இப்படிப்பட்டவர்களை ஒவ்வொரு சில ஆண்டுக்கும் பார்க்கிறேன். அவர்கள் பட்டம் வாங்கியதைவிடப் பெரிய கல்விச் சாதனை எதையும் நான் கண்டதில்லை. தரவரிசைக் கணக்கில் அவள் தோல்வி. படிப்பை அடியோடு விட்டவளும் விடாமல் முடித்தவளும் அங்கே ஒன்றுதான். இருவருமே ‘முடித்தவர்’ நிரலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

இதன் நடைமுறை விளைவைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். திரும்பி வருகிறவளை வரவேற்பதால் கல்லூரிக்கு மதிப்பெண் இல்லை. திருமணமாகிப் போகக்கூடியவள் என்று தோன்றுகிற பெண்ணைச் சேர்க்கத் தயங்குவதால் நட்டமும் இல்லை. அளவுகோல் தானாக யாரையும் வெளியேற்றுவதில்லை. வெளியேற்றுகிறவருக்கு ஒரு சாக்கைக் கொடுத்துவிடுகிறது.

இடைநிலைச் சம்பளம் யாருடையது

கல்லூரிகளுக்கும் பொறியியல் நிறுவனங்களுக்கும் வேலைவாய்ப்பும் இடைநிலைச் சம்பளமும் மதிப்பெண் தரும் அளவுகள். சராசரியைவிட இடைநிலை அளவு நேர்மையானது என்பது புள்ளியியலின் பாலபாடம். ஒரே ஒருவருக்குக் கிடைத்த பெரிய சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும், இடைநிலை அளவைத் தூக்க முடியாது. ஆனால் எந்தக் கூட்டத்தின் இடைநிலை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இங்கே கணக்கில் வருவது வேலை கிடைத்தவர்கள் மட்டுமே. 100 பெண்கள் பட்டம் பெற்று 15 பேருக்கு வேலை கிடைத்தால், இடைநிலைச் சம்பளம் அந்த 15 பேரில் எட்டாமவளின் சம்பளம். மற்ற 85 பேர் அந்த எண்ணில் இல்லை.

வேலை கிடைத்தவர் எத்தனை பேர் என்பது தனி நிரலில் இருக்கிறது, உண்மைதான். கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு நிரலே இல்லை. வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்கிறாளா, டியூஷன் எடுக்கிறாளா, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாளா, கணவன் ஊருக்குப் போய்விட்டாளா? சம்பளமில்லாத உழைப்பைத் தேசியக் கணக்குகள் எப்படி மறைத்தன என்று பெண்ணியப் பொருளாதாரம் பல பத்தாண்டுகளாகப் பேசி வருகிறது. கல்வியின் தரக் கணக்கும் அதே இடத்தில்தான் கண்ணை மூடிக்கொள்கிறது. வேலைக்கு விடமாட்டோம் என்ற வீட்டின் முடிவு, கல்லூரியின் குறையாகவோ படிப்பின் குறையாகவோ பதிவாகிவிடுகிறது. பெண்கள் அதிகம் படிக்கும் துறைகள் ‘வேலைவாய்ப்பு இல்லாத துறைகள்’ என்று பெயர் வாங்குவதற்கும், அந்தத் துறைகளில் பணியிடங்கள் நிரப்பப்படாமல் போவதற்கும் இது வசதியான சான்று.

பெர்க்லி, 1973

மொத்தக் கூட்டல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் பெண்களைப் பற்றியதே. 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதம் பேருக்கு. பார்த்தவுடன் பாகுபாடு என்று தோன்றும். பிக்கெல், ஹாமெல், ஓகானெல் என்ற மூவர் 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை ஆராய்ந்தார்கள். துறைவாரியாகப் பிரித்தபோது இடைவெளி ஏறக்குறைய மறைந்தது. பெண்களுக்குச் சற்றே சாதகமாகக்கூட இருந்தது. இடங்கள் குறைவாகவும் போட்டி அதிகமாகவும் இருந்த துறைகளுக்குப் பெண்கள் கூடுதலாக விண்ணப்பித்திருந்தார்கள். அதுதான் காரணம்.

புள்ளியியல் பாடநூல்கள் கதையை இங்கே நிறுத்திவிடுகின்றன: பாகுபாடு இல்லை, கூட்டல்தான் ஏமாற்றியது. கட்டுரையாளர்கள் அங்கே நிற்கவில்லை. நெரிசலான, நிதி குறைந்த, வேலைவாய்ப்பு மங்கிய துறைகளை நோக்கிப் பெண்களை வளர்ப்பும் முந்தைய கல்வியும் தள்ளியிருக்கின்றன என்பதையும் சொன்னார்கள். பாகுபாடு தேர்வுக் குழுவின் மேசைக்கு வரும் முன்பே நடந்து முடிந்திருந்தது. மொத்தமாகப் பார்த்தால் தவறான இடத்தில் குற்றவாளியைத் தேடுவோம். பிரித்து மட்டும் பார்த்தால் குற்றமே நடக்கவில்லை என்போம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வாசிப்பு வேண்டும்.

நம் சூழலுக்கு ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மகளிர் கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் 100 பேர். முதல் கல்லூரியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் 20 பேர்; அவர்களில் பாதி, அதாவது 10 பேர், காலத்தில் முடிக்கிறார்கள். மற்ற 80 பேரில் 90 சதவீதம், 72 பேர். மொத்தம் 82. இரண்டாவது கல்லூரியில் முதல் தலைமுறையினர் 80 பேர். 60 சதவீதம், 48 பேர் முடிக்கிறார்கள். மற்ற 20 பேரில் 95 சதவீதம், 19 பேர். மொத்தம் 67. முதல் தலைமுறை மாணவியருக்கும் மற்றவர்களுக்கும் சிறப்பாகக் கற்பித்தது இரண்டாவது கல்லூரிதான். பட்டியலில் முழு மதிப்பெண் பெறுவது முதல் கல்லூரி. வசதியான வீட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல பரிசு வேண்டுமா?

ஆசிரியையின் மதிப்பெண்

தர மதிப்பீட்டின் இன்னொரு கை, மாணவர் கருத்துக் கணிப்பு. நாக் அங்கீகாரத்திலும் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. மாணவியரின் குரல் கேட்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அந்தக் குரலை ஆசிரியரின் திறமைக்கான அளவாக மாற்றும்போதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் மெக்னெல், டிரிஸ்கால், ஹன்ட் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. இணையவழி வகுப்பு என்பதால் ஆசிரியரின் முகம் மாணவர்களுக்குத் தெரியாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கு இரண்டு குழுக்களுக்குக் கற்பித்தார்கள்; ஒரு குழுவுக்குச் சொந்த அடையாளத்தில், இன்னொன்றுக்கு மற்றவரின் அடையாளத்தில். விடைத்தாள்கள் ஒரே நேரத்தில் திருப்பித் தரப்பட்டன. அப்படியிருந்தும் ‘விரைவாகத் திருத்தித் தருகிறார்’ என்பதற்கு ஆண் பெயருக்கு 5க்கு 4.35 கிடைத்தது, பெண் பெயருக்கு 3.55. கலந்துகொண்டவர்கள் 43 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனால் போரிங், ஓட்டோபோனி, ஸ்டார்க் ஆகியோர் 2016இல் பிரான்சின் 20,000க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோதும் பெண் ஆசிரியர்களுக்கு எதிரான சாய்வு தெரிந்தது. 2018இல் கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில், பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்க இந்தக் கணிப்புகளைப் பயன்படுத்தக்கூடாது என்று நடுவர் தீர்ப்பளித்தார்.

நம் ஊரில் இதோடு சாதியும் வரும், ஆங்கிலமும் வரும், சேலையா சுடிதாரா என்பதும் வரும். கண்டிப்பான ஆண் ஆசிரியர் ‘ஸ்ட்ரிக்ட்’. கண்டிப்பான ஆசிரியை ‘சிடுமூஞ்சி’. இந்தச் சொற்கள் ஓர் ஐந்து புள்ளி அளவுகோலில் நுழைந்து, இரண்டு தசமத்தோடு வெளியே வரும்போது புறவயமான உண்மையின் தோற்றம் பெற்றுவிடுகின்றன. நன்னூல் சொன்ன நிறைகோல் நடுநிலை தவறாதது. இந்தக் கோலின் தட்டு ஒரு பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது.

ஆராய்ச்சிக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். கட்டுரைகள் எண்ணப்படுவது ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களிலிருந்து. தமிழில் எழுதப்படும் ஆய்வில் பெரும்பகுதி அங்கே இல்லை. நாட்டார் வழக்காற்றையும் பெண் எழுத்தையும் பற்றித் தமிழில் வெளிவந்த நூல்களும் சிற்றிதழ்க் கட்டுரைகளும், ஒரு தமிழ்த்துறையின் உண்மையான உழைப்பும், இந்த 30 மதிப்பெண்ணின் கண்ணில் படுவதில்லை.

எண்களை விட்டுவிட வேண்டுமா

இந்த இடத்தில் எண்களே வேண்டாம் என்று முடிப்பது எளிது. நான் அப்படி முடிக்கமாட்டேன். எண்கள் வருவதற்கு முன்பு கல்லூரியின் தரம் என்பது பழைய பெயரும், சாதிச் செல்வாக்கும், ஆண்கள் தேநீர்க் கடையில் பேசிய பேச்சும்தான். தேசியப் பட்டியலில் 2017 முதல் 2023 வரை தொடர்ந்து முதலிடம் பெற்ற கல்லூரி டெல்லியின் மிராண்டா ஹவுஸ், ஒரு மகளிர் கல்லூரி. 2023இல் கோவையின் பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி நான்காம் இடத்தில் இருந்தது. பெண்கள் கல்லூரி என்றால் இரண்டாம் தரம் என்ற பேச்சை இந்த எண்கள் மூடவைத்திருக்கின்றன. அதை நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன்.

புள்ளியியலுக்கு உள்ளேயே மாற்று வழிகளும் இருக்கின்றன. கோல்ட்ஸ்டைன், ஸ்பீகெல்ஹால்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1996இலேயே தரவரிசைப் பட்டியல்களின் எல்லைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். மாணவர் எந்த நிலையில் உள்ளே வந்தார் என்பதைக் கணக்கில் எடுக்காமல் நிறுவனங்களை ஒப்பிடக்கூடாது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அதன் நிச்சயமின்மையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் பட்டியலின் நடுவில் இருக்கும் பல நிறுவனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியவே முடியாது. 37ஆம் இடத்துக்கும் 52ஆம் இடத்துக்கும் இடையில் பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் வேறுபாடு இருக்கிறது என்று விளம்பரம் சொல்லலாம், புள்ளியியல் சொல்லாது.

எண்ணைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பாலியல் துன்புறுத்தல் பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் 2015இல் வந்தன. ஒரு படிப்பின் தரத்தில் பெண்ணின் பாதுகாப்பும் அடக்கம் என்றால், புகார்களை எண்ணலாமே என்று தோன்றும். புகார் குறைந்த கல்லூரிக்கு மதிப்பெண் கூட்டினால் அடுத்த ஆண்டே புகார்கள் மறைந்துவிடும், துன்புறுத்தல் மறையாது. புகார் அதிகம் வரும் இடத்தில் பெண்கள் பேசத் துணிந்திருக்கலாம். அங்கே எண்ண வேண்டியது புகார்கள் எத்தனை நாளில் விசாரிக்கப்பட்டன, புகார் கொடுத்தவள் படிப்பை முடித்தாளா என்பதை.

ஆகவே என் கோரிக்கை சிறியது, செய்யக்கூடியது. வேலைவாய்ப்பு அட்டவணையில் ஆண், பெண், திருநர் என்ற நிரல்கள் வேண்டும். சாதிப் பிரிவும் வேண்டும். படிப்புவாரியாகப் பிரித்த எண்கள் வேண்டும். குறித்த காலத்தில் முடித்தவர்களுக்குப் பக்கத்தில், இடைநின்று திரும்பி வந்து முடித்தவர்களுக்கு ஒரு நிரல் வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளை அரசு உதவித்தொகைக்காக நாம் ஏற்கெனவே அடையாளம் காண்கிறோம். புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவியர் விவரம் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறது. அவர்கள் பட்டம் முடித்தார்களா, எத்தனை ஆண்டில், அதற்குப் பின் என்ன செய்கிறார்கள் என்று தொடர்ந்து கேட்பதற்குப் புதிய துறை தேவையில்லை. அலுவலக அலமாரியில் இருக்கும் பதிவேட்டைத் திறந்தால் போதும்.

இதை வாசிக்கும் மாணவியருக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் கல்லூரியின் இணையதளத்தில் அந்தக் கோப்பைத் தேடி எடுங்கள். வேலைவாய்ப்பு அட்டவணைக்கு வாருங்கள். உங்களுக்கு முன் அந்தத் துறையில் படித்த பெண்களில் பத்துப் பேரைத் தேடிப் பேசி, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டவணையில் இல்லாதவர்களின் பெயர்களைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த துறைக் கூட்டத்தில் அந்தத் தாளை மேசைமேல் வையுங்கள்.